அண்ணலார் வாழ்ந்த அறைகள்

ஹிஜ்ரி 88ஆம் ஆண்டு (கி.பி. 707) திமிஷ்கிலிருந்து கலீபா வலீது பின் அப்துல் மலிக் அனுப்பிய கடிதம் ஒன்று திருமதீனாவில் மக்கள் முன்னிலையில் படிக்கப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த இல்லங்களை இடித்து, அந்நிலத்தை மஸ்ஜிதுன் நபவீயோடு சேர்த்து விரிவாக்குக என்பது அக்கடிதத்தின் ஆணை. அன்று அங்கிருந்தவர்களுள் ஒருவரான அதாஉல் குராஸானீ, அந்த நாளில் மக்கள் அழுததைப் போல வேறெந்த நாளிலும் அழக் கண்டதில்லை என்று பின்னாளில் கூறியிருக்கிறார். அவர் சொன்னதைத் தமது பெருநூலான 'தபகாத்'தில் பதிந்து வைத்தவர், ஹிஜ்ரி 230இல் மறைந்த வரலாற்றாசிரியர் இப்னு சஅத்.

இடிக்கப்பட்டவை மாளிகைகளல்ல, கலை வேலைப்பாடு என்று சொல்ல அவற்றில் எதுவுமில்லை. சுடாத செங்கல்லும், பேரீச்ச மட்டையும், மேலே பூசிய களிமண்ணுமாக நின்ற குடில்கள் அவை. அவற்றில் வாழ்ந்த அன்னையர் அனைவரும் அதற்குள் மறைந்துவிட்டனர். கடைசியாக மறைந்தவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) என்பதே பெரும்பான்மையோர் கருத்து. அவர்கள் மறைந்தும் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஓடிவிட்டது. ஆளில்லாத குடில்களுக்காக ஓர் ஊரே ஏன் அழ வேண்டும்?

மதீனத்து மாமேதை சஈது பின் முஸய்யப் அன்று சொன்ன சொல்லில் இதற்கு விடை இருக்கிறது. அந்த இல்லங்களை அப்படியே விட்டுவைத்திருக்கலாகாதா என்று அவர் ஏங்கினார். மதீனாவில் புதிதாகப் பிறந்து வளரும் பிள்ளைகளும், தொலைதூரத்திலிருந்து வரும் பயணிகளும் அண்ணலார் எத்தகைய இடத்தைப் போதுமெனக் கொண்டார்கள் என்பதைக் கண்ணாரக் கண்டால், பொருள் குவிப்பதிலும் அதில் பெருமை பேசுவதிலும் அவர்களுக்கு நாட்டம் குறையுமே என்பது அவர் கவலை. அபூ உமாமா பின் ஸஹ்ல் என்னும் பெரியாரும் ஏறக்குறைய இதையே சொன்னார்: உலகக் கருவூலங்களின் திறவுகோல்கள் தம் தூதர் கையிலிருக்க, அல்லாஹ் அவருக்கு எந்த வீட்டை உகந்தான் என்பதை மக்கள் பார்த்திருப்பார்களே என்று.

கலீபா வலீதை இதற்காகக் கொடியவர் என்று முத்திரை குத்திவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. அண்ணலார் காலத்துப் பள்ளிவாசல், கைபர் வெற்றிக்குப்பின் விரிக்கப்பட்டபோதும், நீளமும் அகலமும் சுமார் நூறு முழம்தான். பின்னர் உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோர் காலத்தில் மேலும் விரிந்தது. சிந்து முதல் ஸ்பெயின் வரை எல்லை நீண்டுகொண்டிருந்த காலம் வலீதுடையது; தொழ வருவோர் தொகை பெருகிக்கொண்டே போயிற்று. இடம் வேண்டியிருந்தது உண்மை. ஆணையை நிறைவேற்றிய மதீனத்து ஆளுநர் யார் தெரியுமா? பிற்காலத்தில் கலீபாவாகி, எளிமையால் உலகப் புகழ்பெற்ற அதே உமர் பின் அப்துல் அஜீஸ்தான். வரலாறு சிற்சில வேளைகளில் இப்படித்தான் நம் அவசரத் தீர்ப்புகளை வாங்க மறுத்துவிடுகிறது.

கல்லும் மண்ணும் போயினும், அவற்றின் அளவும் அமைப்பும் போகவில்லை. கண்டவர்கள் சொல்லி வைத்தார்கள். கேட்டவர்கள் எழுதி வைத்தார்கள். ஹஸன் அல்பஸரீயின் தாயார் அன்னை உம்மு ஸலமாவின் பணிப்பெண்ணாக இருந்தவர். எனவே அந்த வீடுகளில் ஓடியாடி வளரும் பேறு ஹஸனுக்குக் கிட்டியது. உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், சிறு பிராயத்தில், அவ்வில்லங்களுக்குள் நுழைந்தால் தம் கையால் கூரையைத் தொட்டுவிட முடிந்தது என்கிறார் அவர். தாவூது பின் கைஸ் என்பவர் தந்த அளவை இமாம் புகாரீ தமது 'அல்அதபுல் முப்ரத்' என்னும் நூலில் சேர்த்திருக்கிறார்கள்: முற்றத்து வாயிலிலிருந்து வீட்டு வாயில் வரை ஆறேழு முழம், உள்ளறை பத்து முழம். முழம் என்பதை ஒன்றரை அடியாகக் கொண்டால், உள்ளறை பதினைந்து அடிக்கு மேல் இராது. வெளிப்புறத்தில் மயிர்க்கம்பளம் போர்த்தியிருந்தது. இப்னு சஅத் தரும் குறிப்பின்படி, ஒன்பது இல்லங்களில் நான்கு செங்கல்லால் ஆனவை. அவற்றின் முன்னறைகள் மட்டும் பேரீச்ச மட்டையால் அமைந்தவை. ஏனைய ஐந்தும் மண் பூசிய மட்டைச் சுவர்களே, முன்னறைகூட இல்லை. வாயில்களில் தொங்கியவை கறுப்பு மயிர்த் திரைகள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டுக்குக் கதவு இருந்தது, ஒற்றைக் கதவு. வந்தவர்கள் அண்ணலாரின் கதவுகளை நகத்தால் மெல்லத் தட்டுவார்களாம். நம் நாட்டில் தென்னங்கீற்றையும் பனையோலையையும் வேய்ந்து வாழ்ந்த ஏழை எளியவர்களுக்கு இந்த வீட்டைக் கற்பனை செய்வது அரிதன்று. பளிங்குத் தரையில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரபு மொழியில் ஸீன், காஃப், நூன் என்னும் மூன்று எழுத்துகளால் ஆன வேர்ச்சொல் ஒன்று உண்டு. அசைவு அடங்கி அமர்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். எழுத்தின் மேல் நாம் இடும் 'சுகூன்' அதிலிருந்து வந்தது. உள்ளத்தில் இறங்கும் அமைதியான 'ஸகீனத்'தும், குடியிருக்கும் வீட்டைக் குறிக்கும் 'மஸ்கன்' என்னும் சொல்லும் அதே வேரில் பிறந்தவை. திருமறையின் 16ஆவது அத்தியாயம், வீடுகளை உங்களுக்கு அமைதித்தலமாக ஆக்கினோம் என்னும் கருத்தை உரைக்கும்போது இவ்வேரையே கையாள்கிறது. 30ஆவது அத்தியாயம் கணவன் மனைவி உறவைப் பேசுகையில், ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறவேண்டும் என்பதற்கும் இதே வேர்தான். வீடும் வாழ்க்கைத் துணையும் மன அமைதியும் ஒரே வேரில் கிளைத்த மொழியில்தான் அண்ணலார் பேசினார்கள்.

அவ்வமைதியின் முதற் சாட்சி மதீனாவில் இல்லை, மக்காவில் இருக்கிறது. ஹிராக் குகையில் முதல் வஹீ இறங்கியதும் நடுநடுங்கிப்போன பெருமானார் (ஸல்) அவர்கள் நேரே எங்கே வந்தார்கள்? தம் வீட்டுக்கு. தம்மைப் போர்த்தும்படி கேட்டார்கள். நடுக்கம் தணியும்வரை போர்த்தப்பட்டார்கள். பிறகு அன்னை கதீஜா (ரலி) சொன்ன ஆறுதல் கவனிக்கத்தக்கது. உறவினரை அரவணைக்கிறீர்கள், பிறர் சுமையைத் தாங்குகிறீர்கள், இல்லாதவர்க்கு ஈட்டித் தருகிறீர்கள், விருந்தினரைப் பேணுகிறீர்கள். எனவே அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்ற பொருள்பட அந்த அம்மையார் பேசினார்கள். தத்துவ விசாரம் ஒன்றுமில்லை. ஒரு மனைவி பதினைந்து ஆண்டுகள் அன்றாடம் கண்டதே, தூதுத்துவத்துக்குக் கிடைத்த முதல் மனிதச் சான்றாக அமைந்தது.

மதீனத்து அறைகளுக்கு வருவோம். அன்னை ஆயிஷாவின் அறையில் இரவு எப்படி இருந்தது என்பதை அவர்களே கூறியிருக்கிறார்கள். அண்ணலார் நின்று தொழுவார்கள், அன்னையார் எதிரே படுத்திருப்பார்கள், இடமோ சிறிது. ஸஜ்தாவுக்கு வரும்போது அண்ணலார் அன்னையாரின் காலை மெல்லத் தொடுவார்கள். அன்னையார் காலை மடக்கிக்கொள்வார்கள். நிலைக்கு எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்குகள் கிடையா என்றொரு சொல்லையும் அன்னையார் சேர்த்திருக்கிறார்கள். இருட்டில் காலை மடக்குவதும் நீட்டுவதுமாக ஒரு குடும்பம். அதற்கு நடுவே தஹஜ்ஜுத் தொழுகை. தொழுவதற்கென மனைவியை வேறிடம் போகச் சொல்லவில்லை; மனைவியின் உறக்கத்துக்காகத் தொழுகையும் நிற்கவில்லை. இரண்டும் அந்தப் பதினைந்து அடிக்குள் அடங்கின.

பகல் எப்படி? அஸ்வத் என்னும் தாபியீ அன்னையாரிடம் இதைக் கேட்டே விட்டார். வீட்டில் இருக்கும்போது அண்ணலார் வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் கிளம்பிவிடுவார்கள் என்பது கிடைத்த பதில். வேறு அறிவிப்புகள் அந்த வேலைகளைப் பெயர் சொல்லிக் கூறுகின்றன: கிழிந்த ஆடையைத் தைத்தார்கள்; அறுந்த செருப்பைச் செப்பனிட்டார்கள்; ஆட்டில் பால் கறந்தார்கள். அவ்வீடுகளில் இரண்டு மாதங்களில் மூன்று பிறைகள் பார்த்த பின்னும் அடுப்பு மூட்டப்படாமல் இருந்ததுண்டு. பேரீச்சம்பழமும் தண்ணீரும், அண்டையிலிருந்த அன்சாரிகள் அனுப்பும் பாலுமே உணவு. இந்த வறுமையை அழகுபடுத்திக் காட்டுவது நம் நோக்கமன்று. பசி பசிதான்.

இத்தகைய வீட்டு வாழ்வு ஆன்மிகத்துக்குத் தடை என்று கருதியவர்கள் அந்நாளிலும் இருந்தார்கள். மூவர் அன்னையரின் இல்லங்களுக்கு வந்து அண்ணலாரின் வணக்கம் எப்படியென வினவினர். கேட்டதும் அது குறைவு என்றே அவர்களுக்குத் தோன்றிற்று. ஒருவர் இனி இரவெல்லாம் தொழுவேன் என்றார். மற்றவர் விடாது நோன்பிருப்பேன் என்றார். மூன்றாமவர் திருமணமே செய்யேன் என்றார். செய்தி அறிந்த பெருமானார், தாம் நோன்பு நோற்பதும் விடுவதும், தொழுவதும் உறங்குவதும், மணம் புரிவதும் உண்டென்றும், தம் வழியை வெறுப்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் உரைத்தார்கள். ஸல்மான் பார்ஸீ (ரலி) தம் சகோதரராகப் பிணைக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) வீட்டுக்குப் போனபோதும் இதே பிரச்சினைதான். அவ்வீட்டு அம்மையார் அலங்காரமின்றி வாடியிருந்தார். கணவருக்கு உலகில் நாட்டமில்லை என்றார். ஸல்மான் அன்றிரவு அங்கேயே தங்கி, நள்ளிரவில் எழப்போன அபுத்தர்தாவை இருமுறை படுக்கச் சொல்லிவிட்டு, கடைசி யாமத்தில் எழுப்பித் தாமும் உடன் தொழுதார். இறைவனுக்கு உரிமை உண்டு, உம் உடலுக்கு உரிமை உண்டு, உம் குடும்பத்துக்கும் உரிமை உண்டு, அவரவர்க்கு உரியதைக் கொடும் என்பது அவர் தந்த அறிவுரை. ஸல்மான் சொன்னது சரியே என்று அண்ணலாரும் ஒப்பினார்கள்.

வீட்டின் அமைதி தானாக வந்து அமர்ந்துவிடவில்லை. அதற்கு வேலியும் தேவைப்பட்டது. அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் திருமண விருந்துக்கு வந்தவர்கள் உண்டபின்னும் எழாமல் பேசிக்கொண்டே இருந்தனர். அண்ணலார் வெளியே சென்று மற்றத் துணைவியரின் வாயில்களில் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அப்போதும் சிலர் போகவில்லை. போங்கள் என்று சொல்ல அவர்களின் நாணம் இடந்தரவில்லை. அவர்கள் சொல்லாததை அல்லாஹ் சொன்னான்: 33ஆவது அத்தியாயத்தில், உண்டு முடிந்ததும் கலைந்துவிடுங்கள் என்று. மற்றொரு சமயம் பனூ தமீம் கூட்டத்தார் வந்து, அறைகளுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூவினர். அதைக் கண்டித்து இறங்கிய வசனம் இடம்பெறும் அத்தியாயத்துக்கே 'அல்ஹுஜுராத்', அதாவது 'அறைகள்' என்பது பெயர். மட்டையும் மண்ணுமான அந்தக் குடில்களின் பெயர் திருமறையில் நிலைத்திருக்கிறது. அவற்றை எந்த ஆளுநரும் இடிக்க முடியாது.

வேலிக்கு உள்ளேயும் சச்சரவு இல்லாமலில்லை. நம் எழுத்தாளர்களுள் சிலர் அன்னையரின் வாழ்வை எழுதும்போது மனஸ்தாபமே அறியாத வீடாகச் சித்திரிக்கிறார்கள். ஹதீஸ் நூல்களோ அப்படி மறைக்கவில்லை. அண்ணலார் ஒரு துணைவியாரின் இல்லத்தில் இருந்தபோது வேறொரு துணைவியார் பாத்திரத்தில் உணவு அனுப்பினார்கள். வீட்டுக்குரிய அன்னையார் கையால் தட்டிவிட, பாத்திரம் விழுந்து உடைந்தது. அங்கே விருந்தினரும் இருந்தனர். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? அண்ணலார் குனிந்து உடைந்த துண்டுகளைச் சேர்த்தார்கள். சிந்திய உணவை அள்ளினார்கள். உங்கள் தாயாருக்கு ரோஷம் வந்துவிட்டது என்று விருந்தினரிடம் சொன்னார்கள். பின்பு, தட்டிவிட்ட அன்னையாரின் வீட்டிலிருந்து நல்ல பாத்திரம் ஒன்றை வாங்கிப் பறிகொடுத்தவருக்கு அனுப்பி, உடைந்ததை உடைத்தவர் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். கோபத்துக்குக் காரணமும் சொல்லியாயிற்று, நீதியும் செய்தாயிற்று, விருந்தும் நடந்தது.

இதைவிடப் பெரிய சோதனையும் வந்தது. நாடெங்கும் செல்வம் புழங்கத் தொடங்கிய காலத்தில் துணைவியர் வாழ்க்கைச் செலவுக்குக் கூடுதலாகக் கேட்டனர். வேறு சில மனவேறுபாடுகளும் சேர்ந்துகொண்டன. பெருமானார் இருபத்தொன்பது நாட்கள் ஒரு மாடியறையில் தனித்திருந்தார்கள். மணவிலக்கே நிகழ்ந்துவிட்டதென ஊரில் வதந்தி கிளம்பி, பள்ளிவாசலில் மக்கள் அழுதனர். உமர் (ரலி) அனுமதி பெற்று உள்ளே போனபோது, அண்ணலார் விரிப்பில்லாத ஓலைப்பாயில் சாய்ந்திருந்தார்கள். விலாப்புறத்தில் பாயின் தழும்பு பதிந்திருந்தது. அறையில் சிறிதளவு வாற்கோதுமையும் தோல்களும் தவிர வேறொன்றும் காணவில்லை. உமர் கண்ணீர் விட்டார். இதன் பின்தான் தேர்வுரிமை வசனம் இறங்கியது: உலக வாழ்வின் அலங்காரம் வேண்டுமெனில் பொருள் கொடுத்து அழகிய முறையில் விடுவிக்கிறேன்; அல்லாஹ்வையும் அவன் தூதரையும் மறுமையையும் நாடினால் மகத்தான கூலியுண்டு என அறிவிக்குமாறு கட்டளை. முதலில் அன்னை ஆயிஷாவிடம் இதைக் கூறிய அண்ணலார், அவசரப்பட வேண்டாம், பெற்றோரைக் கலந்து சொல்லுங்கள் என்றார்கள். இதிலா பெற்றோரைக் கலப்பேன் என்று அந்த இளம் அன்னையார் விடை கூறினார்கள். ஏனையோரும் அவ்வழியே நின்றனர். ஆகவே அக்குடில்களின் எளிமை அவர்கள்மீது திணிக்கப்பட்டதன்று. கதவு திறந்திருந்தது, கையில் பொருளோடு போகலாம் என்ற நிலையில் இருந்துகொண்டே அவர்கள் தங்கினார்கள். இதை விட்டுவிட்டு அவ்வில்லங்களின் அமைதியைப் பேசுவதில் பொருளில்லை.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? பள்ளிவாசலில் நடந்ததை நூற்றுக்கணக்கான ஆண்கள் கண்டார்கள். அறைக்குள் நடந்ததைச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்களே. அன்னை ஆயிஷா வழியாக வந்த ஹதீஸ்கள் 2210 என்றும், அன்னை உம்மு ஸலமா வழியாக வந்தவை 378 என்றும் அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். தம் பாத்திரம் உடைத்த கதையையும், தம் ரோஷத்தையும், காலை மடக்கியதையும் மறைக்காமல் சொன்ன நேர்மை அன்னையருக்கு இருந்தது. பதினொரு பெண்கள் கூடித் தத்தம் கணவரைப் பற்றிப் பேசிய நீண்ட கதையை அன்னை ஆயிஷா சொல்ல, அண்ணலார் முடியும்வரை கேட்டிருந்து, கதையில் வரும் நல்ல கணவனான அபூ ஸர்வுக்குத் தம்மை ஒப்பிட்டுக் கூறியதும் ஹதீஸாக நம்மிடம் இருக்கிறது. ஓர் அரசின் தலைவர், ஒரு சமுதாயத்தின் வழிகாட்டி, மனைவி சொல்லும் கதையை அவசரமின்றிக் கேட்டிருந்தார் என்பதை எந்த அரசவை எழுத்தனும் எழுதி வைத்திருக்க மாட்டான்.

இடிப்பு வேலை நடந்தபோது அன்னை ஆயிஷாவின் அறைமட்டும் தனித்து நின்றது. அண்ணலாரும், அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இரு தோழர்களும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். வலீதின் காலத்தில் அதன் சுவர் விழுந்து, மீண்டும் கட்ட முற்பட்டபோது ஒரு பாதம் வெளிப்பட்டது. அண்ணலாரின் பாதமோ என எல்லோரும் பதறிப்போயினர். அன்னையாரின் சகோதரி மகனான உர்வா வந்து பார்த்து, இது உமரின் பாதம் என்று சத்தியமிட்டுக் கூறிய பிறகே பதற்றம் அடங்கியது. சுற்றுச்சுவரை நாற்கோணமாக எழுப்பினால் கஃபாவைப் போலாகிவிடும் என அஞ்சி ஐங்கோணமாக எழுப்பினார்கள். அதன்மேல் குவிமாடம் எழுந்தது கி.பி. 1279இல், மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில்தான். இன்று ஜியாரத்துக்குச் செல்வோர் கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று ஸலாம் சொல்லித் திரும்புகிறார்கள். அவ்விடம் ஒருகாலத்தில் பாலும் பேரீச்சம்பழமும் பரிமாறப்பட்ட வீடு என்ற நினைவு நெரிசலில் எத்தனை பேருக்கு வருகிறதோ!

அந்த அறையை ஒட்டியே இன்னொரு வீடும் இருந்தது; பாத்திமா (ரலி), அலீ (ரலி) தம்பதியரின் வீடு. திரிகை சுற்றிப் பாத்திமாவின் கை காய்த்திருந்தது. தண்ணீர்த் துருத்தி சுமந்து கழுத்தில் தழும்பேறியிருந்தது. பெருக்கிப் பெருக்கி உடையெல்லாம் புழுதி. அண்ணலாரிடம் கைதிகள் சிலர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பணியாள் ஒருவரைக் கேட்கலாமெனத் தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். தந்தை இல்லை, அன்னை ஆயிஷாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். செய்தியறிந்த பெருமானார் இரவில் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். படுத்திருந்த இருவரும் எழ முயன்றபோது வேண்டாமெனக் கூறி, இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். அவர்களின் பாதங்களின் குளிர்ச்சி தம் நெஞ்சில் பட்டது என்று அலீ நினைவு கூர்கிறார்கள். பள்ளிவாசல் திண்ணையில் பசித்திருந்த ஏழைத் தோழர்களை விட்டுவிட்டுத் தம் மகளுக்குக் கொடுக்க அண்ணலாருக்கு மனமில்லை. பணியாளைவிடச் சிறந்ததைச் சொல்லட்டுமா என்று கேட்டு, படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33 முறை, அல்ஹம்துலில்லாஹ் 33 முறை, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதக் கற்றுக்கொடுத்தார்கள்.

திரிகை அப்படியே இருந்தது, துருத்தியும் அப்படியே. மறுநாளும் மாவரைக்க வேண்டும். அந்த இரவுக்கும் அந்த வேலைக்கும் நடுவே நூறு சொற்கள் வந்து அமர்ந்தன. பாத்திமா (ரலி) ஹிஜ்ரி 11இல் மறைந்தார்கள். அலீ (ரலி) கலீபாவானார்கள். ஹிஜ்ரி 37இல் ஸிப்பீன் போர்க்களத்தில் முஸ்லிம்களே இரு அணிகளாக நின்று மோதிய கொடிய இரவுகள் வந்தன. பின்னொரு நாள் இந்த ஹதீஸைச் சொல்லிவிட்டு, கேட்ட நாள் முதல் இதை ஓதாமல் விட்டதேயில்லை என்றார்கள் அலீ. ஸிப்பீன் இரவிலுமா என்று ஒருவர் கேட்டார். ஸிப்பீன் இரவிலும் விடவில்லை என்றார்கள்.